பிள்ளைக்கென்று ஒரு மூலை

இதை எழுத வேண்டும் என்று ஏழு வருஷமாக நினைக்கிறேன். ஏழு வருஷமாகத் தள்ளிப் போட்டும் வருகிறேன். இரண்டு தடவை இதற்கென்றே நோட்டு வாங்கி வந்தேன். ஒன்றை மகள் கணக்குப் போட எடுத்துக்கொண்டாள். இன்னொன்றில் பிள்ளையார் சுழி மட்டும் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எழுத வருமா என்ற கூச்சம் ஒன்று. வீட்டுப் பெண்களின் காரியம் இதில் வருகிறது, அதை ஆம்பிளை எழுதலாமா என்பது இன்னொன்று. இவை இரண்டையும் எப்படியோ தாண்டியிருப்பேன். மூன்றாவதைத்தான் தாண்ட முடியவில்லை. தினமும் விளக்கேற்றி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுகிறவன் நான். சாமி காரியத்தில் நான் செய்த ஒன்றைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அதைச் சொல்லத்தான் பயம்.

தேனிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சுக்கு, மிளகு குடோன்களுக்குப் பின்னால் போகிற சந்தில் இஸ்திரி போடுகிறேன். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் நாங்கள் இருக்கும் லைன் வீடு. ஒரே அறை. அதில் கட்டில், பீரோ, சுவரோரம் அடுப்பு. நான், மனைவி, ஒரே மகள்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் யூனிபார்ம் பாதி என் மேசைக்குத்தான் வரும். மகளும் அங்கேதான் படித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாங்குவேன். மலையாளம் பேச வரும், படிக்க வராது. படிக்க முடியாத காகிதத்துக்கு மரியாதை கூடுதல்.

மகள் ஏழாம் வகுப்புப் போன ஜூன் மாதம். புது டைரியின் முதல் நாலு பக்கமும் பள்ளிக்கூடத்துச் சட்டங்கள். வருஷா வருஷம் பெற்றோர் படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் அது இப்படித்தான் நடக்கும்: நான் தேய்த்துக்கொண்டிருப்பேன், அவள் மேசையோரம் நின்று மலையாளத்தைத் தமிழாக்கிச் சொல்வாள்.

"அப்பா, நல்லாக் கேளு. பிறகு ஒப்பு இடணும்."

"சொல்லும்மா."

"முடிய ரெண்டாப் பின்னி கறுப்பு ரிப்பன் கட்டணும்."

"அது உங்கம்மா டிபார்ட்மெண்டு. அடுத்தது."

"மொபைல் கொண்டு போகக் கூடாது."

"நம்ம வீட்ல இருக்கிறதே ஒண்ணு. அதும் என் சட்டைப் பையில. சரி."

"ஊர்ல திருவிழான்னு சொல்லி பத்து நாள் லீவு எடுத்தா சம்மதிக்க மாட்டாங்க."

"இது நம்மளப் பாத்தே எழுதினது."

"மீட்டிங்குக்கு அப்பாவோ அம்மாவோதான் வரணும். பக்கத்து சேட்டனை விடக் கூடாது."

இதைப் படிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு தடவை கடையை விட்டு வர முடியாமல் டீக்கடைச் சேட்டனை அனுப்பியிருந்தேன். அவர் போய் வேறு யாரோ ஒரு பிள்ளையின் மார்க்கைக் கேட்டுக்கொண்டு வந்து, "கணக்கில் பிள்ளை ரொம்ப மோசம், நீ கவனிக்கறதில்ல"என்று கடைவாசலில் நின்று என்னைத் திட்டினார். மறுநாள்தான் ஆள் மாறியது தெரிந்தது. திட்டியதை மட்டும் அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

கடைசியாக, தனியாக மடித்து வைத்திருந்த ஒரு படிவத்தை எடுத்தாள். அந்த வருஷம் உதவித்தொகைத் தேர்வுக்காக இருபது பிள்ளைகளைப் பொறுக்கித் தனி வகுப்பு வைத்தார்கள். பலகையில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதைக் காட்ட என்னை மேசையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துப் போனவள் அவள். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேனா இல்லையா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வந்தேன்.

அந்த வகுப்புக்கு இரண்டு நிபந்தனை. வீட்டுப்பாடம் ஆறு தடவை தவறினால் இடம் போய்விடும். காத்திருக்கிற அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது, வீட்டில் பிள்ளைக்கென்று ஒரு படிப்பு மூலை இருக்க வேண்டும். மேசை, நாற்காலி, வெளிச்சம். போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டும். கிளாஸ் டீச்சர் ஒரு நாள் நேரில் வந்து பார்ப்பார்.

லைனில் வேறு சிலருக்கும் அந்த மாதிரிக் காகிதம் வந்திருக்கிறது. "மூலைக்கு எங்கே போக, முழு வீடே ஒரு மூலைதான்"என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். என்னால் அது முடியாது. கையெழுத்துப் போட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. நூல் எடுத்து அறையை அளந்தேன். ஒரு பக்கம் கட்டில். ஒரு பக்கம் பீரோ. ஒரு பக்கம் அடுப்பு. மிச்சம் இருந்தது ஈசான மூலை ஒன்றுதான். அங்கே தரையில் ஒரு பலகை போட்டு முருகன் படம், வேல், குத்துவிளக்கு வைத்திருந்தோம்.

எனக்கு ஒரே சந்தோஷம். பிள்ளை சாமி சன்னிதியில் உட்கார்ந்து படிக்கப் போகிறாள், இதைவிட என்ன வேண்டும்? பழைய சாமான் கடைகளுக்குப் பெட்டி அடிக்கிற ஆசாரியைக் கூட்டிவந்து, சுவரோடு சேர்த்து ஒரு மேசை அடித்தேன். மேசையின் பின்பாதியில் முருகனும் விளக்கும். முன்பாதியில் பிள்ளையின் நோட்டு. மேசைக்குக் கீழே புத்தகத் தட்டு. மேலே புது பல்பு. நாலு காலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன். போட்டோ எடுத்துக் கொடுத்தோம். பள்ளிக்கூடத்தில் அதைப் பலகையில் ஒட்டினார்களாம். மூன்று நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பள்ளிக்கூடத்துச் சட்டத்தோடு நானும் என் சட்டங்களைச் சேர்த்தேன். கால் கழுவாமல் உட்காரக் கூடாது. அங்கே எச்சில் கூடாது. மீன் சாப்பிட்ட கையோடு புத்தகத் தட்டைத் தொடக் கூடாது. இதெல்லாம் மகளிடம் நேராகச் சொன்னது. ஒன்றை மட்டும் மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னேன். அந்தச் சித்திரையில்தான் மகள் பெரியவளாகியிருந்தாள்.

"மாசத்துல அந்த நாலு நாள் மூலைப் பக்கம் போக வேண்டாம்னு சொல்லிரு."

"தெரியாதாக்கும்"என்றாள் மனைவி. அதோடு முடிந்தது.

நாலு நாள் என்றால் நாலு நாள்தானே, எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். எங்கே என்று யோசிக்கவில்லை. கட்டிலின் மேல் பீரோவின் நிழல் விழும், அங்கே எழுத்துத் தெரியாது. அடுப்பருகில் அம்மா. மிச்சம் வாசற்படி. அதன் கீழே சாக்கடை. லைன் முழுக்க ஸ்கூட்டர், தண்ணீர்க் குடம், பிள்ளைகள். பள்ளிக்குக் கொண்டுபோகும் பையைத் தொடலாம். ஆனால் தனி வகுப்புப் புத்தகங்கள் கனமானவை, வீட்டில்தான் இருக்கும். அவை மேசைக்குக் கீழே, சாமிக்கு அடியில். அவள் தொடக் கூடாது. அம்மாதான் எடுத்துத் தர வேண்டும். அம்மாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

ஒரு சாயங்காலம் நான் கட்டிலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. மகள் படியில் இருந்தபடி உள்ளே கையை நீட்டினாள்.

"அந்த நீலப் புக்கை எடும்மா."

"நீலம் ரெண்டு இருக்கே."

"மேலே முக்கோணம் போட்டது."

"ரெண்டுலயும்தான் கோணல் மாணலா என்னமோ போட்டிருக்கு. இதா?"

"அது இல்ல. போன வருஷத்து புக்கு அது."

"அப்ப இதா?"

"வேண்டாம். விடும்மா."

"உங்கம்மாவ ஒண்ணாம் கிளாஸ்ல சேத்துர வேண்டியதுதான்"என்று நான் சிரித்தேன். மனைவியும் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. 

நடுவில் நாலைந்து தடவை டைரியில் டீச்சர் எழுதி அனுப்பியதற்குக் கையெழுத்துக் கேட்டாள்.

"என்னம்மா எழுதியிருக்கு?"

"ஹோம்வொர்க் ஒழுங்காப் பண்ணணும்னு."

"எல்லாருக்கும் சொல்றதுதானே"என்று போட்டுக் கொடுத்தேன்.

பொய் ஒன்றும் அவள் சொல்லவில்லை.

ஆடி மாதம். இங்கே கர்க்கடகம் என்பார்கள். நின்று பெய்கிற மழை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் டீக்கடைச் சேட்டன் கடைக்குள்ளிருந்தே கத்தினார்: "அண்ணாச்சி, டீச்சர் நிங்கள்ட வீட்டிலேக்கு போகுன்னு!"

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினேன். அந்த டீச்சரை எனக்கு முகத்தைவிடப் புடவைகளால்தான் நன்றாகத் தெரியும். கஞ்சி போட்ட பருத்திப் புடவைகள்; அவர் கணவர் கொண்டுவந்து தருவார். நான் போய்ச் சேர்ந்தபோது அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு, குடையை வாசலில் சாத்திவிட்டு, எங்கள் அறைக்குள் நின்றிருந்தார். மனைவி பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் கதவோரம் கோணியில் உட்கார்ந்திருந்தாள்.

"அடிபொளி ஆணல்லோ"என்றார் டீச்சர், மூலையைப் பார்த்து. "போட்டோல கண்டதவிட நல்லாருக்கு அண்ணாச்சி. மோளே, அங்க ஒண்ணு இருந்து காட்டு. நான் பார்க்கட்டே."

மகள் அசையவில்லை.

"டீச்சர் சொல்றாங்கல்ல பாப்பா. போய் உக்காரு"என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன பழக்கம் இது? வீட்டுக்கு வந்தவங்க நிக்கிறாங்க. எந்திரி."

"என்னங்க"என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. கால்ல என்ன வேரா விட்டிருக்கு? எந்திரின்னா எந்திரிக்கணும்."

"அவளுக்கு முடியாதுங்க."

"என்ன முடியாது? காலைல நல்லாத்தானே..."

அங்கேயே நின்றுவிட்டேன். அது அந்த நாலு நாளில் ஒன்று. மகள் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் என் சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டிருந்தாள். அதற்காகவே அவளை டீச்சருக்கு முன்னால் நான் திட்டினேன். சட்டம் போட்டவனுக்கு நாள் ஞாபகமில்லை.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கஞ்சி போட்ட புடவையோடு கோணியில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சேச்சி, ஒரு சாயா கிட்டுமோ?"என்றார் மனைவியிடம்.

சாயா குடித்து முடிக்கிற வரை மகளிடம் மழையைப் பற்றியும், வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை டப்பாவில் தவளை கொண்டுவந்ததைப் பற்றியும் பேசினார். துப்பட்டா மெல்ல இறங்கியது. எழுந்து போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, கூரைத் தகரத்தின் ஓரத்தில் நின்று டைரியைப் புரட்டினார்.

"அஞ்சு தடவை மிஸ்ஸாயிடுச்சு அண்ணாச்சி. ஜூன்ல ரெண்டு, ஜூலைல மூணு. எல்லாம் அடுத்தடுத்த நாள். ஒவ்வொண்ணுலயும் உங்க ஒப்பு இருக்கு."

பார்த்தேன். என் கையெழுத்துதான்.

"நேத்து கொடுத்த பாடம் திங்களாழ்ச்ச வரணும். வரலன்னா ஆறு. பேரு போகும். காத்திருக்கிற பிள்ளையோட அம்மா தினமும் வந்து கேக்குது. ரூல் எனக்கும் சேர்த்துத்தான்."

"டீச்சர், அது வந்து... எங்க வழக்கம்..."

"தெய்வ காரியத்துல நான் ஒண்ணும் பறையல. எனக்குத் திங்களாழ்ச்ச புக் வேணும். அவ்வளவே உள்ளூ."குடையை விரித்தவர் திரும்பிப் பார்த்து, "நல்ல பிள்ளையாக்கும் அவ"என்றார். அவர் கண் கலங்கியிருந்ததா மழையா என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே வந்து அந்தப் படிவத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். டைரியின் கடைசியில் அதன் நகல் ஒட்டியிருந்தது. அவள் தணிந்த குரலில் படித்தாள். பிள்ளை எந்த நாளும் எந்த நேரமும் போய் உட்கார முடிகிற, வேறு யாரும் எடுத்துக்கொள்ளாத இடம். எந்த நாளும். ஜூன் மாதமும் இதைத்தான் படித்திருக்கிறாள். நான் மேசை, நாற்காலி, வெளிச்சம் என்ற மூன்றை மட்டும் காதில் வாங்கியிருக்கிறேன்.

"சரி, இந்த ஒரு தடவை போய் உக்காந்துக்கோம்மா"என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"வேண்டாம்ப்பா."

"அப்பாதானே சொல்றேன்."

"சாமிக்கு ஆகாதுன்னு நீதானே சொன்னே? எனக்குப் பயமா இருக்கு. எக்ஸாம்ல ஏதாவது ஆயிட்டா?"

 நான் போட்ட பயம் அவளுக்குள் என்னைவிட ஆழமாக இறங்கியிருந்தது. நான் எடு என்றால் அது வெளியே வராது.

மனைவிதான் அடுப்பருகில் இருந்து பேசினாள். கோபமாகப் பேசவில்லை, வெங்காயம் உரித்தபடிதான் பேசினாள்.

"இந்த ஒத்த ரூம்புல வருஷக்கணக்கா இருக்கேன். அந்த நாலு நாளும் பாய் போட்டு இங்கதான் படுக்கேன். காலை நீட்டினா விளக்கு. உங்க முருகன் என்னப் பாக்காம எங்க போனாரு? கண்ண மூடிக்கிட்டா இருந்தாரு?"

"அதுக்காக..."

"மேசையத்தான் ஆசாரி சொவத்தோட அடிச்சுட்டாரு, அது நகராது. சாமியத் தூக்கி பீரோ மேல வைங்க. மனசு கேக்கலன்னா பூக்கட்டிப் பாத்துருங்க. அவரே சொல்லட்டும். அவரு சொன்னா இவளும் உக்காருவா."

எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்துக்குச் சாமியிடம் உத்தரவு கேட்பதென்றால் அதுதான் வழி. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் சம்மதம். சிவப்பு என்றால் வேண்டாம். ஒரு தடவைதான் கேட்கலாம். இரண்டாவது தடவை கேட்டால் சாமி சொன்னதை நம்பவில்லை என்று ஆகிவிடும். எங்கள் கல்யாணமும், நான் இந்த ஊருக்கு வந்ததும் பூ கேட்டுத்தான். இரண்டுக்கும் வெள்ளை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டிருந்தது. குளித்துவிட்டுக் கோயில் பக்கம் போய் ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் பறித்து வந்தேன். துணி சுற்றிக் கொடுக்க வைத்திருக்கும் பேப்பரில் ஒரே அளவாக இரண்டு துண்டு கிழித்தேன். மனைவியும் மகளும் லைன் குழாயில் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும். விளக்கேற்றினேன். பொட்டலங்களைக் கை மாற்றி மாற்றி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்: முருகா, உன்னை இங்கிருந்து எடுத்துவிட்டு, எல்லா நாளும் பிள்ளைக்கு இந்த இடத்தை விடலாமா?

எடுத்துப் பிரித்தேன்.

சிவப்பு.

 என் ஆயுசில் சாமி சொன்னதை நான் மீறியதில்லை. மீற வேண்டும் என்று நினைத்ததுகூட இல்லை. வெளியே வாளி வைக்கிற சத்தமும் மகளின் குரலும் கேட்டன. "நாளைக்கு டீச்சர் என் பேரை எடுத்துருவாங்கம்மா, அந்த வேற பிள்ளைக்குக் கொடுத்துருவாங்க"என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அழவில்லை. முடிந்துபோன காரியத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செவ்வரளியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டேன். மனைவி வாளியோடு உள்ளே வந்தாள்.

"என்ன வந்துச்சு?"

விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "வெள்ளை."

பிறகு முருகனை இரண்டு கையாலும் தூக்கினேன். படம் அப்படிக் கனக்கும் என்று எனக்குத் தெரியாது. பீரோவின் மேல் சிவப்புத் துணி விரித்து, கிழக்கு பார்த்து வைத்தேன். பக்கத்தில் வேல். விளக்கைத் தூக்கி வைக்கும்போது எண்ணெய் பீரோக் கதவில் வழிந்தது. மனசுக்குள் சொன்னேன்: நீ வேண்டாம் என்று சொல்லித்தான் செய்கிறேன். தெரிந்து செய்கிறேன். என் கை இருக்கிறது, கால் இருக்கிறது, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். பிள்ளை தலையில் வைத்துவிடாதே.

மகள் வாசலில் வந்து நின்றாள். காலியான மேசையைப் பார்த்தாள்.

"நெஜமா வெள்ளையாப்பா?"

"நெஜமாம்மா."

வந்து உட்கார்ந்தாள். முதலில் நாற்காலி நுனியில், பிறகு நன்றாகச் சாய்ந்து. கீழே குனிந்து நீலப் புத்தகத்தைத் தானே எடுத்தாள். மத்தியானச் சோற்றுக்கு இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை புத்தகம் போயிற்று. இடம் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு பாடமும் தவறவில்லை.

செவ்வரளியை என்ன செய்வது என்று தெரியாமல் மூன்று நாள் வைத்திருந்து, படகுத்துறையில் காயலில் விட்டேன்.

நான் தைரியசாலி இல்லை. அந்த மாசம் இஸ்திரிப் பெட்டி கையில் பட்டுக் கொப்பளித்தபோது, வந்துவிட்டது என்று நினைத்தேன். மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் பீரோவின் மேலேதான் பார்ப்பேன். அந்த உதவித்தொகைத் தேர்வில் அவள் கொஞ்ச மார்க்கில் தவறிப்போனாள். வகுப்பில் பாதிக்கு மேல் தவறினார்கள் என்று டீச்சர் சொன்னார். எனக்கு மட்டும் காரணம் வேறாகத் தெரிந்தது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பத்தாம் வகுப்பில் அவள் நல்ல மார்க் வாங்கியபோது, மன்னித்துவிட்டாரோ என்று நினைத்தேன். இப்போது கல்லூரியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். எது தண்டனை, எது மன்னிப்பு என்று பிரித்துப் பார்க்க எனக்கு அறிவு போதாது.

இதற்குள் கதை லைனைச் சுற்றி வந்துவிட்டது. மனைவி சொன்னது வெள்ளைப் பூ. டீக்கடையில் அது, டீச்சர் சாமியை எடுக்கச் சொன்னார், அண்ணாச்சி மறுத்தார், முருகனே கனவில் வந்து இடம் கொடுத்தார் என்று வளர்ந்தது. ஒருவர், டீச்சர் சாமியை அவமானப்படுத்தினார் என்றுகூடச் சொன்னார். அப்படி இல்லை என்று மட்டும் சொல்வேன். பூவைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.

இந்த வருஷம் ஜூனில், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற பொண்ணு துணி கொண்டுவந்தது. அதன் மகளும் அதே பள்ளிக்கூடம். அதே படிவம். அவர்கள் வீட்டிலும் மிச்சமிருந்தது சாமி மூலைதான்.

"நாங்களும் உங்களப் போல பூக்கட்டிப் பாத்தோம் அண்ணாச்சி. உங்களுக்கு முருகன் வெள்ளை கொடுத்தாரு. எங்களுக்குச் செவப்பு வந்துருச்சு. எம் புள்ளைக்குக் கொடுப்பினை அவ்வளவுதான்."

சாயங்காலம் அந்த வழியாக வந்தேன். பிள்ளை வாசற்படியில் முழங்காலின் மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் வரும்போதெல்லாம் காலை மடக்கிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்"என்றாள். "வெள்ளை வந்திருந்தா கொண்டாந்து காட்டியிருப்பீங்க. என் தலையில வெச்சிருப்பீங்க."

மகளிடம் போனில் சொன்னேன்.  

"செவப்பு வந்துமா நகத்தினே?"

"ஆமாம்மா."

"இவ்வளவு வருஷம் தனியா வெச்சுக்கிட்டு இருந்தியாப்பா?"என்றாள். 

அடுத்த நாள் தேய்த்த துணியை நானே எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று சொன்னேன். அந்தப் பொண்ணு என்னை மேலும் கீழும் பார்த்தது.

"அப்ப சாமிகிட்டப் பொய் சொன்னீங்களா அண்ணாச்சி?"

"சாமிகிட்ட இல்லம்மா. அவருக்குத் தெரியும். உங்ககிட்டதான் சொன்னேன்."

துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. சாமியை நகர்த்தினார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்கக் கூடாது என்று இருக்கிறேன். நகர்த்தச் சொல்லி நான் போகவில்லை; அது அவர்களுக்கும் அவர்கள் சாமிக்கும் உள்ள காரியம். என் வெள்ளைப் பூவை நம்பி அந்தப் பிள்ளை படியில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் கைகூப்பிக் கேட்பது ஒன்று. உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். டீச்சர் என் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை; திங்கட்கிழமை புத்தகம் மட்டும்தான் கேட்டார். கனவில் யாரும் வரவில்லை. எனக்குப் பயம் போய்விட்டது என்று சேர்த்துவிடாதீர்கள், போகவில்லை. கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும் என்று பூவின் நிறத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள். எனக்கு வந்தது சிவப்பு.